சமஜ் கயா - விளங்கீற்றுது
(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னம் பத்து நிமிசம் பேசச் சொல்லியிருக்கினம். பசியோடை இருக்கிறவைக்கு இலக்கியம் சொல்லக் கூடாது. அதாலை நான் பெற்றோல் செட்டிலை படிச்ச உருதுவைப் பற்றிச் சொல்லப் போறன். சிரிக்காதேங்கோ. இந்த மண்டபத்திலை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகாத ஆம்பிளையள் குறைவு.

1949ஆம் ஆண்டுச் சட்டப்படி நியூ ஜேர்சியில் வாகனக்காரர் தாங்களே பெற்றோல் அடிக்கக் கூடாது. 2023இல் ஒரிகன் மாநிலமும் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. இப்போது இந்த நாட்டிலே நாங்கள் மட்டுந்தான் மிச்சம். அந்தச் சட்டம் எங்களைப் போல எத்தனை பேருக்குச் சோறு போட்டது! நான் 1998இல் வந்து எடிசன் பக்கத்தில் ஒரு செட்டில் சேர்ந்தேன். என்னோடு இராவேலை செய்தவர் முசாபராபாத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். நான் அவரைப் 'பாய் சாப்' என்பேன். அவர் என்னைப் 'பேட்டா' என்பார். உருது அவருக்கும் தாய்மொழியல்ல. பாகிஸ்தானிலே பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அது தாய்மொழியில்லை. ஆனால் அங்கே எல்லாருக்கும் பொதுமொழி அதுதான்.

முதல் கிழமையே எனக்கொரு இடி. முதலாளி ரெலிபோனில் ஏதோ சொன்னார். 'கல் சுபா' என்பதும் 'பாஞ்ச் பஜே' என்பதும் மட்டும் பிடிபட்டன. 'கல்' என்றால் நேற்று என்று படித்திருந்தேன். நேற்றுக் காலை ஐந்து மணிக்குக் கடை திறந்த கதையைச் சொல்லுகிறாராக்கும் என்று நினைத்து, "அப்பிடியோ" என்ற கருத்தில் "அச்சா" என்றேன். உருதிலே நேற்றுக்கும் 'கல்', நாளைக்கும் 'கல்'. வினைச்சொல்லைப் பார்த்துத்தான் எதுவென்று பிரிக்க வேண்டும். ஒருவர் ஒரு வேலையைச் சொல்ல நீங்கள் "அச்சா" என்றால், "சரி, செய்கிறேன்" என்று அர்த்தம். அடுத்த நாள் ஐந்து மணிக்குச் செட் பூட்டியபடி. எனக்கு விழுந்த பேச்சை இஞ்சை பிள்ளையளுக்கு முன்னாலை சொல்லேலாது.

பாய் சாப்தான் பிறகு விளங்கப்படுத்தினார். அச்சா ஒரு சொல்லல்ல, அது ஒரு இராகம். குரலை உயர்த்தினால் "மெய்யாவோ?" நீட்டி இறக்கினால் "ஓ, இப்பதான் விளங்குது." வெட்டிச் சொன்னால் "சரி, காணும், விடு." 'ஜீ'யும் அப்படித்தான். கேள்வியாகச் சொன்னால் "என்ன சொன்னீங்கள்?" சாதாரணமாகச் சொன்னால் "கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ." சம்மதம் என்றால் "ஜீ ஹான்" என்பது மரியாதை. வயது வந்தவருக்கு வெறும் "ஹான்" என்று சொல்லிப் போடாதேங்கோ. அது எங்கட ஆட்கள் தகப்பனுக்கு "ம்" கொட்டுற மாதிரி. நான் வாய் தவறி "ஓம், ஓம்" என்றதைக் கேட்டு ஒரு வாடிக்கையாளர், பெற்றோல் அடிக்கும்போது ஏன் மந்திரம் சொல்லுகிறாய் என்று கேட்டதும் நடந்தது.

இனி விசயத்துக்கு வாறன். 'சமஜ் கயா' என்றால் "விளங்கீற்றுது." ஆண் சொல்லுவது அது, பெண்கள் 'சமஜ் கயீ' என்ன வேணும். ஒருவர் பேசப் பேச விளங்கிக்கொண்டிருந்தால் 'சமஜ் ரஹா ஹூன்'. விளங்கவில்லையென்றால் 'முஜே சமஜ் நஹீன் ஆயீ'. இந்த 'முஜே' எங்கட 'எனக்கு' தான். இங்கிலீசுக்காரனுக்கு 'நான்' விளங்குகிறேன். எங்களுக்கும் அவர்களுக்கும் 'எனக்கு' விளங்குகிறது; விளக்கம் எங்களிடம் வந்து சேர வேணும். இது தெரிஞ்ச பிறகு உருது எனக்குப் பாதி சொந்தமாகிவிட்டது. மற்றது, கனக்கச் சொல் ஏற்கனவே எங்கட வாயிலை கிடக்கு: பாக்கி, ரசீது, தயார், சபாஷ். எங்கட கச்சேரியும் அந்தப் பக்கத்துச் சொல்தான். முல்லைத்தீவுக் கச்சேரியிலிருந்து கடிதம் எடுக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னேன், அவர் பதறி, "உனக்கு என்ன வழக்கு?" என்றார். அவர்களுக்குக் 'கச்செஹ்ரீ' நீதிமன்றம்.

2005 ஒக்ரோபர் 8ஆம் திகதி காசுமீரப் பக்கம் பூமி அதிர்ந்தது. பாகிஸ்தானில் மட்டும் 70,000 பேருக்கு மேல் செத்தார்கள். பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரம், பள்ளிக்கூடங்கள் இடிந்தன. பாய் சாப் நாலு நாள் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் இரவு வந்து, தம்பியின் மகன் பள்ளிக்கூடத்தின் கீழ் அகப்பட்டதைச் சொன்னார். சொல்லி முடிய, நான் எனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னேன்: "சமஜ் கயா."

அவர் என்னைப் பார்த்தார். "க்யா சமஜ் கயா?" என்று கேட்டார், என்ன விளங்கினது உனக்கு என்று. கோபமில்லை, களைப்பு. அப்பதான் எனக்கு உறைத்தது. நாலாம் பம்பைப் பூட்டு என்று சொன்னால் சொல்லுகிற பதிலை நான் ஒரு சாவீட்டிலே சொல்லிப் போட்டன்.

எனக்கு வேறு சொல் தெரியாது. ஆகவே கதையைச் சொன்னேன். அதற்குப் பத்து மாதம் முந்தி, 2004 மார்கழி 26, முல்லைத்தீவுக் கரையில் கடல் வந்ததையும், எங்கட சின்னம்மாவையும் அவவின் இரண்டு பிள்ளையளையும் கொண்டு போனதையும் உடைந்த உருதில் சொன்னேன். பாதிச் சொல் தமிழ். அவர் கேட்டு முடித்து, "தோ தும் சமஜ் சக்தே ஹோ" என்றார். அப்போ உன்னாலே விளங்கிக்கொள்ள முடியும். 'சமஜ் சக்தா ஹூன்' என்ற சொல்லை நான் படித்தது அப்படித்தான். அதை நான் கண்டபடி பாவிக்கிறதில்லை.

2009 வைகாசியில் வன்னியிலிருந்து ரெலிபோன் நின்றுபோன நாட்கள் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்கா குடும்பம் எங்கை எண்டு ஒரு சேதியும் இல்லை. ஒரு இரவு செட்டிலே நான் பேசத் தொடங்கினேன், நிற்பாட்ட முடியவில்லை. பாய் சாப் 'சமஜ் கயா' என்றும் சொல்லவில்லை, 'சமஜ் சக்தா ஹூன்' என்றும் சொல்லவில்லை. "ஜீ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஜீ, பேட்டா." ஒரு வாகனம் வந்து ஹோர்ன் அடித்தது. என்னை எழும்ப விடாமல் கையால் அமர்த்திவிட்டுத் தானே போய்ப் பெற்றோல் அடித்துக் காசை வாங்கிக்கொண்டு வந்து, திரும்பவும் பக்கத்தில் இருந்து, "ஜீ" என்றார்.