மேடான் போய் வந்தவரின் இரண்டாம் நாவல்

எழுதுகிறவர்கள் தமக்கென்று வைத்துக்கொள்ளும் இலக்கு இரண்டு வகை. ஒன்று கணக்கு: நாளுக்கு இரண்டு பக்கம், வருடத்துக்கு ஒரு புத்தகம். மற்றது பொருள்: இன்ன ஊரை, இன்ன காலத்தை, இன்ன மனிதர்களை எழுதியே தீர வேண்டும் என்பது. முதல் வகைக்கு ஆயுள் குறைவு. ஜனவரியில் வாங்கிய டைரியில் மாசி பிறப்பதற்குள் பால் கணக்கு ஏறிவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இரண்டாவது வகை அவ்வளவு சுலபத்தில் ஆளை விடாது. பத்து வருடம் கிடப்பில் போட்டாலும் தேடி வந்து பிடிக்கும். மதுரையில் இதற்குச் சரியான சான்று ப. சிங்காரம்.

1920இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், மதுரையில் படித்துவிட்டு 1938இல் கப்பலேறினார். சுமத்ராவின் மேடான் நகரில் வட்டிக்கடை வேலை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை ஆட்கள் படிப்படியாக இருந்த அந்த உலகத்தை, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வந்த குடும்பத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. உலகப் போரில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள், போனார்கள். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே பறிகொடுத்தார். 1946இல் ஊர் திரும்பி, தினத்தந்தியின் மதுரை அலுவலகத்தில் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். தங்கியது ஒய்.எம்.சி.ஏ. விடுதியில், ஒண்டிக்கட்டையாக. இலக்கியக் கூட்டம், சிஷ்யர் குழாம் எதுவும் கிடையாது.

‘கடலுக்கு அப்பால்’ நாவலை 1950இல் எழுதினார். கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று, அது நூலாக வந்தது 1959இல். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதப்பட்டது 1962 வாக்கில், வெளிவந்தது 1972இல். இரண்டு கைப்பிரதிகளும் சேர்ந்து ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் காத்துக் கிடந்தன. முதல் நாவல் ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் இருந்த பிறகும், அதைவிடப் பெரிய ஒன்றை எழுத ஒருவர் உட்கார்ந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அப்படி உட்கார்ந்தவர் புதுப் பொருள் எதையும் தேடிப் போகவில்லை. அதே கடல், அதே போர்க்காலம், அதே நேதாஜியின் படை, அதே கடைக்காரர்கள். முதல் நாவலில் முதலாளி மகள்மேல் ஆசை வைத்த ஓர் இளைஞனின் கதையாக இருந்தது, இரண்டாவதில் மேடான், பினாங்கு, மீண்டும் சுமத்ராக் காடு என்று அலையும் பாண்டியனின் கதையாக விரிந்தது. எங்கோ இருக்கும் பாண்டியனின் நினைப்பில் மதுரைத் தெருக்கள் நினைத்த நேரத்தில் புகுந்துவிடுகின்றன. கடைப் பேச்சும் மலாய்ச் சொற்களும் கலந்த தமிழ் அது. மறுதொடக்கம் என்றால் பழையதைத் தலைமுழுகுவது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

பழம்பெருமை பேசும் தமிழரை இந்த நாவல் போட்டு வாங்கு வாங்கென்று வாங்குகிறது. ஆண்டு விழா மேடைகளில் அதன் பெயர் அதிகம் அடிபடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது நாவல் இல்லை. 1997இல் இறக்கும் வரை சிங்காரம் வேறு நாவல் வெளியிடவில்லை. இரண்டோடு பேனாவை மூடி வைத்தார். எழுத்தில் நிறுத்துவதும் ஓர் இலக்குதான் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வதில்லை.

எழுதத் தொடங்கவோ மறுபடி தொடங்கவோ வயது தடையாக இருந்ததில்லை. 1923இல் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘மாயமான்’ கதை அச்சேறியபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. மதுரையில் கல்லூரிப் படிப்பு படித்த சி.சு. செல்லப்பா, ‘எழுத்து’ இதழ் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1997இல், ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகக் கொண்டு வந்தார். அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

அயல்நாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழ் எழுத்துக்குச் சிங்காரத்தின் கதையில் நேரடியான பயன் உண்டு. அவர்களுக்குக் கட்டுரைத் தலைப்பு பெரும்பாலும் ‘எங்கள் ஊர்த் திருவிழா’. எந்த ஊர்? மதுரை கோச்சடையில் உள்ள முத்தையா சாமி கோயிலை ஒரே ஒரு விடுமுறையில், அதுவும் வெயிலுக்குப் பயந்து காருக்குள் இருந்தபடியே பார்த்த பிள்ளையிடம் அதைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டால், எழுதுவது அம்மாதான்; பரிசு வாங்குவது பிள்ளை. அந்தப் பிள்ளையிடம் உள்ள பொருள் வேறு: பனியில் பள்ளி பஸ்ஸுக்கு நின்றது, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கத் தயங்கியது, தாத்தாவின் போன் வந்தால் என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தது. சிங்காரம் மேடானைத் தமிழில் எழுதியது போல, டொராண்டோவையும் சிட்னியையும் எழுத இந்தப் பிள்ளைகளால்தான் முடியும். ஊர்ச்சொல் கலந்து வந்தால் வரட்டும்.

இலக்கு சின்னதாக இருந்தால் போதும்: மாதத்துக்கு ஒரு கடிதம், தாத்தாவுக்கோ அப்பத்தாவுக்கோ, நான்கு வரி. ஒற்றுப்பிழை திருத்துவதைப் பெற்றோர் ஒரு வருடம் ஒத்திப்போடலாம். ஒத்திப்போட்ட வேறு பல வேலைகளோடு இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். கடிதம் வந்த வாரத்திலேயே கோச்சடையிலிருந்து பதில் போக வேண்டும், அதில் ஒரு கேள்வியும் இருக்க வேண்டும். இரண்டு மாதம் விட்டுப்போனால் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி மறுபடி ஆரம்பிக்கலாம். ‘அ’ எழுதிக் காட்டு என்று பிள்ளையை முதல் வகுப்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.