நண்பன் எழுதிய நாலு வரி

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக்கொண்டு புறப்படும் என் பிள்ளைகளே,

பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மே மாதம் முடிவு வந்துவிட்டால், 600-க்கு எத்தனை என்று கேட்காமல் ஊரில் ஒருவரும் உங்களிடம் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். அதற்கு முன்பே உங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. அதற்காகத்தான் போன வாரம் வகுப்புக்கு வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு அடுத்த பெயர் யாருடையதோ, அவனைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னேன். மதிப்பெண்ணைப் பற்றி எழுதக் கூடாது. நல்லவன், திறமைசாலி என்று பொதுவாகவும் எழுதக் கூடாது. அவன் செய்து நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும்.

அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கிற பள்ளியில் ஒருவனை ஒருவன் வாய்விட்டுப் பாராட்டுகிற வழக்கம் கிடையாது. பட்டப்பெயர் வைப்பீர்கள், முதுகில் ஒன்று போடுவீர்கள், டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்பீர்கள். அத்தனைக்கும் நடுவில் எவ்வளவு உன்னிப்பாக ஒருவரையொருவர் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்பது அந்தத் தாள்களில்தான் தெரிந்தது. ஏழு வருடம் உங்களுக்குப் பாடம் நடத்திய எங்களுக்கே தெரியாத பல செய்திகள் அவற்றில் இருந்தன.

ஒரு தாளில் இப்படி இருக்கிறது: "முகூர்த்த நாளுக்கு மறுநாள் இவன் முதல் பீரியடில் தூங்குவான். ஆனால் தூங்கும்போதும் இவன் விரல் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்." இது யாரைப் பற்றி என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளையும் வாசித்த தவில் இந்தச் சுற்றுவட்டாரத்தின் சொத்து. அந்தச் சொத்தில் தவில் வாசிக்கிற நம் பையனுக்கும் பங்கு உண்டு. ஒருநாள் மதிய இடைவேளையில் வராந்தாவில் உட்கார்ந்து, விரலுக்கு மாட்டும் கூடுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கணக்கு வாத்தியார். என்னப்பா கணக்கு போடுகிறாய் என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், அவன் உண்மையாகவே ஒரு கணக்கைச் சொன்னான்.

"ஆதி தாளத்துல எட்டு எண்ணிக்கை சார். எண்ணிக்கைக்கு நாலு மாத்திரைன்னா ஒரு ஆவர்த்தனத்துக்கு முப்பத்திரண்டு. நான் அதுல ததிகிணதொம், ததிகிணதொம்னு அஞ்சு அஞ்சா வாசிக்கணும். ஆறு தடவை வாசிச்சா முப்பது. ரெண்டு மிச்சம். ஒரே ஆவர்த்தனத்துல முடிக்கணும்னா ரெண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டுச் சமத்துக்கு, தாளத்தோட முதல் அடிக்கு, வரணும். கார்வையே விடாம வாசிச்சா, அஞ்சு ஆவர்த்தனம் போய்த்தான் சமத்துல வந்து விழும்."

5-க்கும் 32-க்கும் மீச்சிறு பொது மடங்கு 160. கரும்பலகையில் நான் அதை ஆண்டுதோறும் எழுதிக் காட்டுகிறேன். அந்த 160-க்கு ஒரு நடை உண்டு, அதைக் காத்திருந்து எட்டிப் பிடிக்கிற ஒரு மகிழ்ச்சி உண்டு என்று எனக்குக் காட்டியவன் இந்தப் பையன். அவன் நம் பதிவேட்டில் கணக்கில் சுமாரான மாணவன். அந்தச் சொல்லை இன்று இந்த மேடையில் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு தாளில் நம் ஒலிபெருக்கிக்காரனைப் பற்றி எழுதியிருக்கிறது. இவன் அப்பா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர், இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "விழா நாளில் இவன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நிற்பான். யார் என்ன பேசினாலும் பேச்சைக் கேட்க மாட்டான், சத்தத்தை மட்டும் கேட்பான்." சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் பிரார்த்தனைக் கூடத்தில் ஸ்பீக்கர் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் ஸ்பீக்கரை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். இவன் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, எர்த் ஒயர் லூசாக இருப்பதைக் கண்டுபிடித்து முறுக்கிவிட்டான். இரைச்சல் நின்றது. நான் பேசுவது கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கிறதென்றால் இன்றைக்கும் காரணம் அவன்தான்.

நம் வகுப்பில் விவசாய வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களில் ஒருவனுடைய நோட்டுகளின் கடைசிப் பக்கத்தைப் பற்றி அவன் நண்பன் எழுதியிருக்கிறான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. எந்த வருடம் அந்தத் தேதியில் திறந்தார்கள், எந்த வருடம் தள்ளிப்போனது, தன் வயல் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வந்தது, அப்பா நாற்று விட்டது எப்போது என்று ஆறாம் வகுப்பிலிருந்து எழுதி வைத்திருக்கிறானாம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. தம்பி, அந்தப் பக்கங்களைக் கிழித்துப் பத்திரப்படுத்து. பழைய நோட்டுகளை எடைக்குப் போடும்போது அவையும் போய்விடக் கூடாது.

கபடி ஆடுகிறவனைப் பற்றி, பிடித்து வீழ்த்திய ஆளுக்கு முதலில் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறவன் இவன்தான் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அதற்கு மேல் அவனைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

இவர்களுக்கெல்லாம் கைக்கு ஒரு கலை, கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. எனக்கு அப்படி எதுவுமே இல்லையே என்று நினைக்கிற பையன்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காக நம் ஊர்ப் பையன் ஒருவனுடைய கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அதில் வழக்கமாகக் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஓர் இடம் இருக்கிறது.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலை முடித்தபோது, கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசை வாங்கினார். முழு மதிப்பெண்ணும் இவனுக்குக் குறைவுதான் என்ற பொருளில் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவரை அறிமுகப்படுத்தினார். அடுத்து அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் தேர்வில் தோற்று, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கும் தோல்வி. 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். இது எல்லோரும் சொல்லும் கதை.

நான் நின்று பார்க்கிற இடம் 1903. ராமானுஜன் அப்போது பள்ளி மாணவன். கார் என்பவர் தொகுத்த, ஆயிரக்கணக்கான கணக்குத் தேற்றங்கள் அடங்கிய ஒரு தடித்த புத்தகம் அவர் கைக்கு வருகிறது. அது கல்லூரி நூலகத்துப் புத்தகம். ஒரு நண்பன் கொண்டுவந்து கொடுத்தான். வாழ்க்கை வரலாறுகளில் அவன் பெரும்பாலும் வெறும் "ஒரு நண்பன்"தான். அவன் பெரிய கணக்குப் புலியாக இருந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் புத்தகம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன்பு லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகம் கிடைத்ததும் அப்படித்தான். ராமானுஜன் வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர்கள் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் வருகிறார். 1910-ல் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனபோது, அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இவரைக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைக்க மனமில்லாமல் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு அந்தக் கணக்குகள் ராமானுஜனுடையவைதானா என்று சந்தேகம் வந்தபோது, அதைப் போக்க முயன்றவர் நண்பர் சி.வி. ராஜகோபாலாச்சாரி. சந்தேகம் தீர்ந்த ராவ், பிறகு மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரித்தார். இவர்களில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் அந்த நோட்டுகள் பரண்மேல் கிடந்திருக்கும்.

தமிழிலும் இதே ஊரில் இது நடந்திருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் 1880-ல் தமிழ் கற்பிக்க வந்தார் உ.வே. சாமிநாதையர். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் அதிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார். சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டு, கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தவர் முனிசீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. ராமானுஜன் பிறந்ததும் அந்த வருடம்தான்.

ஆகவே, எனக்கென்று எதுவும் இல்லை என்று நினைக்கிற பையனுக்குச் சொல்கிறேன். உன்னைப் பற்றியும் ஒரு தாள் இருக்கிறது. வகுப்பில் ஒருவன் டைபாய்டில் படுத்திருந்தபோது, ஒவ்வொரு நாள் பாடத்தையும் இரண்டு தடவை எழுதி, ஒரு பிரதியை மாலையில் சைக்கிளில் அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நீ. வேதியியல் சமன்பாடுகளைச் சிவப்பு மையில் தனியாக எழுதிக் கொடுத்தாயாம், அவனுக்கு அதில்தான் தடுமாற்றம் என்று உனக்குத் தெரியும். நீ செய்தது சின்ன உதவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அடுத்தவனுக்கு எது தேவை என்று தெரிந்து, அதைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பதை நான் ஒரு முழு வாழ்க்கைக்குரிய திறமை என்று மதிக்கிறேன்.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. பிடித்த பாடம் ஒன்று போதும் என்று மற்றதை விட்டுவிடாதீர்கள். ராமானுஜனைத் தோற்கடித்த ஏற்பாடு நூறு வருடத்துக்குப் பிறகும் பெரிதாக மாறிவிடவில்லை. அது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் உங்களைப் பணயம் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆறு பாடத்தையும் ஒழுங்காக எழுதிவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் இந்தப் பள்ளியிலிருந்து போகிறவர்களுக்கு அவசியம். ஏழு வருடம் பையன்களோடு மட்டும் இருந்துவிட்டீர்கள். இனி பெண்களோடு சேர்ந்து படிப்பீர்கள், பெண்களுக்குக் கீழே வேலை செய்வீர்கள். இங்கே ஒருவனையொருவன் எவ்வளவு கூர்ந்து பார்த்தீர்களோ, அதே கவனத்தோடு அவர்களுடைய உழைப்பையும் பாருங்கள். ராமானுஜன் நோயில் படுத்திருந்த கடைசி வருடத்திலும் எழுதிக்கொண்டேயிருந்தார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் மனைவி ஜானகி அம்மாள். அந்த வருடத்துத் தாள்களை 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தபோது உலகமே பேசியது. அப்போது ஜானகி அம்மாள் சென்னையில்தான் இருந்தார். கணவர் போன பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து தன் காலில் நின்று, ஒரு பிள்ளையையும் வளர்த்து ஆளாக்கியவர். அவர் பெயரையும் சேர்த்தே அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பையனைப் பற்றி அவன் நண்பன் எழுதிய தாளை இன்று உங்களிடமே கொடுக்கிறோம். வீட்டுக்குப் போய் அதைப் பற்றி அவனிடம் கேளுங்கள். அவன் முதலில் ஒன்றுமில்லை என்பான். இன்னொரு தடவை கேளுங்கள்.

இப்போது சான்றிதழ் வழங்கப் போகிறோம். பெயர் வாசித்ததும், அந்தப் பையனோடு அவனைப் பற்றி எழுதியவனும் மேடைக்கு வர வேண்டும். நான் சான்றிதழை எழுதியவன் கையில் கொடுப்பேன். அவன் நாலு வரியையும் வாசித்துவிட்டு நண்பனிடம் கொடுப்பான். பதிவேட்டில் முதல் பெயர்க்காரனைப் பற்றி எழுதியவன் கடைசிப் பெயர்க்காரன். நீங்கள் இரண்டு பேரும் முதலில் வாருங்கள்.