கூட்டாகக் கடலில் ஒரு நாள்

கோடை விடுமுறை வந்தால் நம்மவர்களில் பலர் இப்போது சொந்தப் படகில் கடலுக்குப் போகிறார்கள். ஆகவே, சில படகுகள் ஒன்றாகச் சேர்ந்து கரையோரமாகப் போய்வரும் ஒரு நாள் பயணத்தைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

நண்பர்கள் நாங்கள் நான்கு படகுகளில் சிட்னித் துறைமுக வாசலிலிருந்து வடக்கே பிட்வோட்டர் வரை போனோம். தூரம் ஏறத்தாழ 15 கடல் மைல். இடப்பக்கம் மான்லி, டீ வை, நரபீன் என்று கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில் பரன்ஜோய் முனையில், 1881ஆம் ஆண்டு முதன்முதலாக ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் தெரியும். அதைச் சுற்றி உள்ளே திரும்பினால் அமைதியான தண்ணீர். கட்டிக்கொண்டு போன இடியப்பமும் சம்பலும் அங்கே தேவாமிர்தம்.

காலையில் வடக்கே போவதற்குக் காரணம் உண்டு. கோடையில் சிட்னிக் கரையில் பிற்பகலில் வடகிழக்குக் காற்று எழும்பும். திரும்பி வரும்போது அது முதுகுப் பக்கம் இருந்தால் பயணம் சுகம். ஊரில் வாடை, சோளகம், கச்சான் என்று காற்றின் பெயர் சொல்லித் தொழிலுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. காலநிலை அறிக்கையில் சொல்லப்படுவது சராசரி மட்டுமே. வீச்சுக் காற்று அதைவிட 40 சதவீதம் கூடுதலாகவும், அலை இரண்டு மடங்கு உயரமாகவும் வரலாம்.

கூட்டாகப் போகும்போது முதல் விதி, மெதுவான படகின் வேகமே எல்லோருடைய வேகமும் என்பது. அதன் அருமை திரும்பும் வழியில் தெரிந்தது. லோங் ரீவ் பாறைகளுக்கு அண்மையில் கடைசிப் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. எரிபொருள் வடிகட்டி அடைத்துவிட்டதாம். படகில் இரண்டு சிறுபிள்ளைகள். காற்றோ கரைப்பக்கம் தள்ளுகிறது. அவர்கள் உடனே அணியத்திலிருந்து நங்கூரத்தை இறக்கி, விஎச்எப் வானொலியில் கூப்பிட்டார்கள். கைத்தொலைபேசியில் பேசினால் ஒருவருக்குத்தான் கேட்கும். வானொலியில் பேசினால் சுற்றிவர உள்ள எல்லாப் படகுகளுக்கும் கேட்கும். முன்னால் போன நாங்கள் பத்து நிமிடத்தில் திரும்பிவந்து கயிறு கொடுத்து இழுத்தோம். பிள்ளைகள் உயிர்காப்பு அங்கியைக் காலையிலிருந்தே கழற்றவில்லை.

கூட வேறு படகு இல்லாவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் மரீன் ரெஸ்கியூ நியூ சவுத் வேல்ஸ் என்ற தொண்டர் அமைப்பு இருக்கிறது. புறப்படும்போது எத்தனை பேர், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வானொலியிலோ அவர்களுடைய கைத்தொலைபேசிச் செயலியிலோ பதியலாம். கட்டணம் இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று அறிவிக்காவிட்டால் அவர்கள் தேடத் தொடங்குவார்கள். ஆகவே திரும்பியதும் சொல்ல மறக்கவேண்டாம். ஆபத்து என்றால் 16ஆம் அலைவரிசையில் அழையுங்கள். கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு அப்பால் போவதானால், இடம்காட்டும் அவசர அழைப்புக் கருவியும் படகில் இருப்பது இங்கே சட்டம்.

நம்மவர்களில் சிலர் வீட்டுக்காரருக்குக்கூடச் சரியாகச் சொல்லாமல் கடலுக்குப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவராவது அறிந்திருக்கட்டும்.