ரசீது இல்லாமல் ஒரு மரக்காலும் அளக்காதீர்!
தோழர்களே! அனந்தபுரம் வட்டாரத்துக் குத்தகை விவசாயிகளே!

ரசீது கேட்டால் "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்கிறார் நிலச்சுவான்தார். அவரே வழக்கென்று வந்தால் நம்மிடம் கேட்பது ரசீதைத்தான்!

1955ஆம் ஆண்டுச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, நினைத்தபோது நம்மை வெளியேற்ற முடியாது. ஆனால் தவணை கடந்து ஒரு மாதத்துக்குள் குத்தகை செலுத்தாவிட்டால் வெளியேற்ற மனுப் போடலாம். ஆகவே நெல்லை வாங்க மறுப்பதும், பிறகு "பாக்கி" என்பதும் பழைய தந்திரம். மறுத்தால் நெல்லோடு வீடு திரும்பி உட்காரக் கூடாது. அன்றைய மார்க்கெட் விலையைக் கோர்ட்டில் கட்டிவிடலாம்; அதே சட்டம் இடம் தருகிறது.

1956 நியாய வாரச் சட்டம் நஞ்சைக்கு நூற்றுக்கு 40 என்றது. பிற்பாடு அது 25 ஆயிற்று. அதற்குமேல் ஏன் அளக்கிறோம்?

வாய்மொழிக் குத்தகையா? 1969 சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்ற மனுக் கொடுப்போம். விடுமுறைக்கு ஊர் வரும் மில் தோழர்களே, மனு எழுத நீங்கள் உட்காருங்கள்.