கீபோர்டு யார் கையில்?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் வகுப்பில் கூட்டுக் கற்றல் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அதில் ஹதீஸையும் சேர்த்துப் பேசப்போகிறேன் என்றதும் செயலாளர் கொஞ்சம் திகைத்துப் போனார். நான் ஆலிம் அல்ல, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற இன்ஜினியர். சபையில் ஆலிம்கள் இருக்கிறார்கள். தவறு இருந்தால் திருத்துவார்கள் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

2006-ல் நான் இங்கே சேர்ந்தபோது லேபில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். "ஒருத்தருக்கொருத்தர் உதவி செஞ்சு படிங்கப்பா" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு வாய்த்த ஜோடி, பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்த நண்பன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பான். நான் பொறுமையில்லாமல், "தள்ளு மச்சான், நேரமாகுது" என்று வாங்கி அடித்துவிடுவேன். பிறகு அவனே, "நீயே அடிச்சிடு மச்சான்" என்று நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தான். அவுட்புட் வந்துவிடும். ரெக்கார்டு நோட்டை நிரப்ப என்னுடையதையே கொடுப்பேன். பெரிய உதவி செய்வதாக எனக்கு நினைப்பு வேறு.

பிராக்டிகல் தேர்வில் ஆளுக்கொரு மெஷின். அவனுக்கு லிங்க்டு லிஸ்ட் வந்தது. மூன்று மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரியர் விழுந்தது. வெளியே வந்து என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

ஆசிரியர் சொன்னதை நாங்கள் மீறவில்லையே! இரண்டு பேராக உட்கார்ந்தோம், உதவியும் செய்துகொண்டோம். சொல் நிறைவேறியது, சொன்னதன் நோக்கம் நிறைவேறவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஹதீஸ் ஞாபகம் வருகிறது. ஹிஜ்ரி 5-ல், அதாவது கி.பி. 627-ல், அகழ்ப்போர் முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள், பனூ குறைழாவின் இடத்தைச் சேர்ந்த பிறகே அஸர் தொழ வேண்டும் என்று தோழர்களிடம் சொல்லி அனுப்பினார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. சிலர், சொன்னது சொன்னதுதான், அங்கே போய்த்தான் தொழுவோம் என்றார்கள். வேறு சிலர், விரைந்து போக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார்கள், தொழுகையை நேரம் தவறவிடுவதற்காக அல்ல என்று வழியிலேயே தொழுதார்கள். செய்தி நபியவர்களிடம் போனது. இரு சாராரில் யாரையும் அவர்கள் கண்டிக்கவில்லை. புகாரியில் இருக்கிறது.

இன்னொன்று, வழிதவறிய ஒட்டகம் பற்றியது. அதைப் பிடித்து வைக்கலாமா என்று ஒருவர் கேட்டபோது நபியவர்களுக்குக் கோபம் வந்தது. அது தானே தண்ணீர் குடிக்கும், இலை தழை தின்னும், உடையவன் தேடிவந்து சேரும்வரை விட்டுவிடு என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். உமர் (ரலி) காலம்வரை அப்படியே விட்டார்கள். உஸ்மான் (ரலி) காலத்தில், அந்த ஒட்டகத்தைப் பிடித்து அறிவிப்புச் செய்யுங்கள், பிறகு விற்றுவிடுங்கள், உடையவன் வந்தால் கிரயத்தைக் கொடுங்கள் என்று உத்தரவானது. இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இந்தச் செய்தி வருகிறது. அறிஞர்கள் பலர் இதற்குத் தரும் விளக்கம்: மக்களின் நாணயம் மாறிவிட்டது. விட்டால் ஒட்டகம் உடையவனுக்குப் போய்ச் சேராது. பொருள் உடையவனிடம் சேர வேண்டும் என்ற நோக்கம் மட்டும் மாறவில்லை. மகாஸித் என்று சொல்லும் இந்த நோக்கங்களைப் பிற்காலத்தில் விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கிரனடாவில் வாழ்ந்து 1388-ல் மறைந்த இமாம் ஷாத்திபி.

ஒன்றைக் கவனியுங்கள். நோக்கத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் வேலை குறையவில்லை. ஒட்டகத்தை விட்டுவிடுவது சுலபம். பிடித்து, அறிவித்து, விற்று, பணத்தைக் காப்பாற்றி வைப்பதுதான் பாடு. "நோக்கம்தான் முக்கியம்" என்று சொல்லி நமக்கு வசதியானதைச் செய்துகொள்கிறவர்கள் (நானும் செய்திருக்கிறேன்) இதைப் பார்ப்பதில்லை. உடையவனுக்குப் பொருள் சேர்ந்ததா? அதுதான் கேள்வி. எங்கள் லேபில், அவனுக்குப் பாடம் சேர்ந்ததா?

கூட்டுக் கற்றலை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜான்சன் சகோதரர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள். சேர்ந்து உட்கார வைத்தால் போதாது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முடியாது என்ற நிலை வேண்டும், அதோடு ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்லவும் வேண்டும். 1971-ல் டெக்சாஸில் எலியட் ஆரன்சன் செய்த ஜிக்சா முறையும் அப்படித்தான்: பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால், சாதுவான பையன் வாய் திறக்காமல் மற்றவர்களுக்குப் பாடம் முழுசாகாது.

வேலைக்குப் போன பிறகு, இரண்டு பேர் ஒரே மெஷினில் புரோகிராம் எழுதும் முறையைப் பழகினேன். ஒருவர் அடிப்பார். மற்றவர் பக்கத்தில் இருந்து யோசிப்பார், தவறு பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் இடம் மாறியாக வேண்டும். முதல் நாளே எனக்கு அவன் முகம்தான் வந்தது. இடம் மாறுவது இருபது நிமிட விஷயம். அதை நான் செய்யவில்லை.

தம்பிகளே, உங்களுக்கு ஆளுக்கொரு லேப்டாப் இருக்கிறது, அந்தக் கஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு நான் செய்த வேலையை இன்றைக்கு ஏ.ஐ. செய்கிறது. கேட்டவுடன் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது, நீங்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொள்கிறீர்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: லேபில் பேசக்கூடாது என்ற விதியைத் தளர்த்துங்கள். ஆனால் முடிவில் ஜோடியில் யாராவது ஒருவரை எழுப்பி, ஒவ்வொரு வரியும் ஏன் என்று கேளுங்கள். யாரை எழுப்புவீர்கள் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது.

அந்த நண்பன் அரியரை மறு செமஸ்டரில் தானாகவே படித்து முடித்தான். இந்தக் கதையைச் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மூன்றாவது வரிசையில் இருக்கிறான், சிரிக்கிறான். பிற்பகல் 3 மணிக்கு நாங்கள் இருவரும் பழைய லேபில் இருப்போம். விருப்பமுள்ள மாணவர்கள் ஜோடி ஜோடியாக வாருங்கள், லிங்க்டு லிஸ்ட் எழுதலாம். அஸருக்குள் முடித்துவிடுவோம்.

வஸ்ஸலாம்.