பிறர் தீர்ப்பும் நம் தெளிவும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கால் நூற்றாண்டாக இக்கழகம் நம் பிள்ளைகளைத் தேர்வில் வெற்றிபெறச் செய்து வந்துள்ளது. வழக்கறிஞர், செவிலியர், காவல் உதவி ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று நம் வீடுகளில் இன்று பலர் உளர். ஆயின், பட்டம் கைக்கு வந்த மறுநாளே புதியதோர் இடர் தொடங்குகிறது. தொழிலில் நாள்தோறும் முடிவெடுத்தாக வேண்டும். அதற்குப் பாடநூல் இல்லை. மூன்று தலைமுறையாக வழக்காடும் குடும்பத்துப் பிள்ளை, இரவு உணவின்போது தந்தையும் சிற்றப்பனும் ஒரு வழக்கு ஏன் தோற்றது என்று பேசுவதைக் கேட்டே வளர்கிறான். நம் பிள்ளையின் தந்தையோ சாயப்பட்டறையிலும் தென்னந்தோப்பிலும் உழைத்துக் களைத்துத் திரும்பியவர். அவர் தந்ததில் குறையேதுமில்லை. அந்தப் பேச்சு மட்டும் அவ்வீட்டில் இல்லை. மேலும், பிறர் தவறினால் அஃது அவர் தவறு. நம்மவர் தவறினால் அது குலத்தின் தவறு என்று சொல்லும் வாய்கள் இக்கொங்கு மண்ணில் இன்னும் அடங்கவில்லை. ஆதலின், வீட்டில் கிடைக்காத அந்தப் பேச்சை நாம் தாளிலிருந்து பெற்றாக வேண்டும். பிறர் எடுத்த முடிவுகளை ஊன்றிப் படிப்பதே அதற்கு வழி.

இது புதுவழியன்று. அமெரிக்காவின் ஆர்வர்டு சட்டப்பள்ளியில் 1870-இல் லாங்டெல் என்பார், விதிகளை மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, முடிந்துபோன வழக்குகளையே மாணவர் கையில் கொடுத்து வாதிடச் செய்தார். நாம் அதனை இன்னும் ஒரு படி கடுமையாக்கலாம். வழக்கின் நிகழ்ச்சிகளை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடி, உம் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதி வையுங்கள். பிறகே நீதிபதி என்ன சொன்னார் என்று பாருங்கள். முடிவை முன்னரே அறிந்தவனுக்கு எல்லாம் எளிதாகவே தோன்றும். ஊருக்கெல்லாம் பின்புத்தி உண்டு.

நமக்கு அண்மையில் நிகழ்ந்ததையே எடுத்துக்கொள்வோம். ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 சூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தம்முடன் படித்த பெண்ணொருவருடன் சென்றார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தற்கொலைக் கடிதம் ஒன்றும் கிடைத்தது. இங்கே ஏட்டை மூடுங்கள். நீங்கள் அப்பகுதிக் காவல் அதிகாரியாயின் முதற்கண் யாது செய்வீர்?

கடிதத்தை நம்பிக் கோப்பை முடிப்பதே எளிய வழி. கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவைத் தேடிப் பிடிப்பது கடிய வழி. அத்தகைய பதிவுகள் சில நாட்களில் அழிந்து புதியவற்றுக்கு இடம் தந்துவிடும். ஆகவே அதனை எப்பொழுது, எப்படிக் கைப்பற்றுவது என்பதே வழக்கின் உயிர்நாடி. மின்னணுப் பதிவுக்கு முறையான சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்பது அந்நாளைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. அவ்வொரு தாளைப் பற்றி நீதிமன்றத்தில் நிகழ்ந்த வாதத்தைப் படித்த உதவி ஆய்வாளர், தம் பணிக்காலம் முழுதும் அதனை மறவார்.

நாமக்கல்லில் நடந்த விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தனர். உடன் சென்ற பெண்ணே, பதிவில் இருப்பது தாமல்ல என்றார். இங்கே மீண்டும் ஏட்டை மூடலாம். அன்னையார் என்ன முடிவெடுத்தார்? வழக்கை வேறிடத்துக்கு மாற்றுமாறு உயர் நீதிமன்றத்தை நாடினார். 2019-இல் அது மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சட்டம் பயிலாத ஒரு தாயின் அந்த முடிவை, சட்டம் பயின்ற நம் பிள்ளைகள் தனியே எடுத்துவைத்துப் படிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் மாற்றக் கேட்பது, எக்காரணம் காட்டிக் கேட்பது என்பன நுட்பமான வினாக்கள். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐவர் விடுதலை பெற்றனர்.

மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். இரமேசும் என். ஆனந்த் வெங்கடேசும் அப்பெண்ணை மீண்டும் அழைத்து வினவினர். 2023 சனவரியில் திருச்செங்கோட்டுக்கே வந்து, கோயிலையும் கேமராக்கள் இருந்த இடங்களையும் நேரில் பார்த்தனர். அவ்வாண்டு சூன் 2-ஆம் நாள் தண்டனையை உறுதி செய்து, இருவர் தண்டனையை மட்டும் ஐந்தாண்டாகக் குறைத்தனர்.

இதனருகில் கீழ்வெண்மணித் தீர்ப்பை வைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. பெருநிலக்கிழார்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. படிக்கும்போது நெஞ்சு எரியும். எரியட்டும், ஆயினும் முழுவதும் படியுங்கள். செல்வர் எப்படி நடந்துகொள்வர் என்னும் அனுமானம் எவ்விடத்தில் சாட்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பென்சிலால் கோடிடுங்கள். பின்னதில் நீதிபதிகள் அனுமானிக்கவில்லை; மலையேறிப் போய்ப் பார்த்தார்கள். இவ்வேறுபாட்டை உணர்ந்த தலைமையாசிரியர், தம்மிடம் வரும் ஒரு மாணவன்மீதான புகாரையும் வேறு விதமாகவே விசாரிப்பார்.

நமக்கு உவப்பில்லாத முடிவுகளிலும் கல்வி உண்டு. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், திருப்பூர் நீதிமன்றம் 2017-இல் அறுவருக்குத் தூக்கு விதித்தது. 2020 சூனில் உயர் நீதிமன்றம் ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்து, பெண்ணின் தந்தையை விடுவித்தது. வெட்டியது கேமராவில் தெரிந்தது. பின்னிருந்து ஏவியது ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. இதனைச் சதியென்று ஏசிவிட்டுப் போவது எளிது. கூட்டுச்சதியை மெய்ப்பிக்க எவ்வெச் சான்றுகள் முதல் வாரத்திலேயே திரட்டப்பட்டிருக்க வேண்டும் என்று பட்டியலிடுபவரே அடுத்த வழக்கில் நமக்குப் பயன்படுவார்.

மருத்துவத் துறையினரும் இதற்கு விலக்கல்லர். நம் மாநிலத்தில் பேறுகால மரணங்கள் ஒவ்வொன்றாக ஆய்வு செய்யப்படுகின்றன. எந்த மணியில் எவர் என்ன முடிவெடுத்தார் என்று வினவப்படுகிறது. நம் செவிலியர் அவ்வாய்வை அச்சத்தோடு அணுகாமல் பாடமாகக் கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கழகத்தார்முன் வைக்கிறோம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் வருகின்றன. நூலகத்தில் ஒரு நிலைப்பேழை ஒதுக்கி, மாதம் ஒரு தீர்ப்பை இரண்டு உறைகளில் இட்டு வைக்கலாம்: முதல் உறையில் நிகழ்ச்சிகள், இரண்டாவதில் முடிவு. எழுதாதவர் இரண்டாம் உறையைப் பிரித்தலாகாது. முதல் மாதத்துக்கு மகாத் குளத்து வழக்கைப் பரிந்துரைக்கிறோம். 1927-இல் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்திய குளம் அது. 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீண்டாமை அநீதி என்பதற்காக அன்று. விலக்கி வைக்கும் வழக்கம் தொன்றுதொட்டது என்று எதிர்தரப்பார் மெய்ப்பிக்கவில்லை என்பதற்காக. அவ்வழக்கில் நீங்கள் எதை வாதிட்டிருப்பீர்கள் என்று முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்.