நோய்க் காலத்தில் நம் தொழிலும் நம் ஊரும்

(ஏரியூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாகமரைப் பக்கத்திலிருந்து வந்தவங்க பஸ்ஸை விட்டுடக் கூடாது. அதனால சுருக்கமாப் பேசி முடிச்சிடறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "கொள்ளைநோய்க் காலத்தில் தொழில் செய்பவர்கள் ஊருக்கு எப்படி உதவலாம்" என்பது. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில ஒரு அக்கா, "நாங்க எங்கம்மா தொழில் பண்றோம், ரெண்டு மாடுதானே வெச்சிருக்கோம்" என்று கேட்டாங்க. அக்கா, ரெண்டு மாடும் தொழில்தான். பெட்டிக்கடையும் தொழில்தான். தையல் மெஷினும், இட்லிக் கடையும், ராகி மாவு அரைத்து விற்பதும் தொழில்தான். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-இல் முதன்முதலாகத் தொடங்கியதே நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். இத்தனை வருஷம் சேமித்து, கடன் வாங்கி, கட்டி முடித்த நாம் நம்மைத் தொழில்காரங்க என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படக் கூடாது.

"கொரோனா முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்றும் கேட்கலாம். அந்த நோயின் உலகளாவிய அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தது. ஆனால் அடுத்த நோய் நம்மகிட்ட சொல்லிட்டு வராது. வெள்ளம் வந்த பிறகு அணை போட முடியுமா? இப்ப உட்கார்ந்து பேசினால்தான் உண்டு.

2020 மார்ச் 25-ஐ நினைச்சுப் பாருங்க. நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் இல்லை, சந்தை இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போன நம்ம ஆளுங்க கையில் காசு இல்லாமல் திரும்பி வந்தாங்க. பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொடுத்தன. டாடா அறக்கட்டளையும் டாடா சன்ஸும் சேர்ந்து 1,500 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி நம்ம ஊரில் ஒரு குழந்தைக்குப் பால் வேண்டும் என்றால், அந்தக் கோடி வந்து கதவைத் தட்டவில்லை. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த அக்காதான் கொடுத்தாங்க.

அப்படிப்பட்ட ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். நம்ம ஒன்றியத்தில்தான் இருக்காங்க. பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கிட்டாங்க. குழுக் கடனில் சின்ன மளிகைக் கடை வைத்தவங்க. கடையில் போட்ட முதல் 30,000 ரூபாய். ஊரடங்கு வந்ததும் கூலி இல்லாத வீடுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடனாகக் கொடுத்தாங்க. நான் போன் பண்ணி, "அக்கா, கடனை நிறுத்துங்க. முதலே போயிடும். பயிற்சியில சொன்னது ஞாபகம் இல்லையா?" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவங்க ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "ஏம்மா, ஊரு பட்டினி கிடந்தா நாளைக்கு நான் யாருக்கு வியாபாரம் பண்றது?"

நான் படித்த படிப்பில் அதற்குப் பதில் இல்லை.

ஆனால் நான் பயந்ததும் நடந்தது. மே மாதம் முடிவதற்குள் 26,000 ரூபாய் கடன் நோட்டில் நின்றது. பென்னாகரத்து மொத்த வியாபாரி, "பழைய பாக்கி கொடுத்தால்தான் புதுச் சரக்கு" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் மேலே ஒருத்தருக்குப் பாக்கி. ஒரு வாரம் கடை மூடிக் கிடந்தது. அந்த ஒரு வாரத்தில்தான் ஊருக்கே தெரிஞ்சது, அந்தக் கடை இல்லை என்றால் என்ன ஆகும் என்று.

அப்ப அந்தக் குழுவில் இருந்த 12 பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கூட்டம் போட்டாங்க. சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் உள்கடன். வழக்கமாக நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. இந்தக் கடனுக்கு மட்டும் ஆறு மாதம் வட்டி இல்லை என்று தீர்மானம். ஒரு உறுப்பினர் எதிர்த்தாங்க. "நாளைக்கு என் மாடு செத்தா எனக்கும் இப்படிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. "கொடுப்போம்" என்று தீர்மான நோட்டில் எழுதின பிறகுதான் கையெழுத்துப் போட்டாங்க. கடை திறந்தது. 2021 பொங்கலுக்குள் பெரும்பாலான கடன் திரும்பி வந்தது. நாலாயிரம் வரவே இல்லை. அதில் பாதியைக் குழு தன் வட்டி வருமானத்திலிருந்து கொடுத்தது. மீதி அந்த அக்காவோட நஷ்டம்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். நோய்க் காலத்தில் ஊரைத் தாங்குவது சின்னச் சின்னக் கடையும் தொழிலும். ஆனால் உதவி செய்கிறவளைத் தனியாக விட்டால் அவளும் மூழ்குவாள், அவளை நம்பின வீடுகளும் மூழ்கும். அவளைத் தாங்குவது குழுவின் வேலை.

கோவை மாவட்டம் வடிவேலம்பாளையத்தில் இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எண்பது வயதைத் தாண்டியவங்க. 2020 ஊரடங்கில் உளுந்து விலை ஏறியும் ஒரு இட்லி ஒரு ரூபாய்தான் என்று விற்றாங்க. ஊர் திரும்ப முடியாத வெளியூர்த் தொழிலாளிகளும் அங்கேதான் சாப்பிட்டாங்க. எப்படி முடிந்தது? அவங்க மனசு ஒரு காரணம். அரிசியும் பருப்பும் கொண்டு வந்து கொடுத்தவங்க இன்னொரு காரணம்.

கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ நம்மைப் போன்ற பெண்கள் அமைப்புதான். 2020 ஊரடங்கில் உள்ளாட்சி அமைப்புகளோடு சேர்ந்து அவங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயச் சமையல்கூடங்களை நடத்தினாங்க. வழியில்லாதவங்களுக்கு இலவசம், மற்றவங்களுக்கு ஒரு சாப்பாடு 20 ரூபாய். அதற்குப் பிறகு அதே 20 ரூபாய் சாப்பாட்டுக்கு 'ஜனகீய ஹோட்டல்'களையும் நடத்தினாங்க. அரசு ஒரு சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் மானியம் கொடுத்தது. ஆனால் அந்த மானியம் பல இடங்களில் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. 2023-இல் மானியமே நிறுத்தப்பட்டது. கடன் வாங்கிச் சமைத்த பெண்கள் தவித்தாங்க. அதனால அரசு உதவியை நம்பலாம், கேட்டு வாங்கலாம். ஆனால் அது வந்து சேரும்வரை தாக்குப் பிடிக்க நம்ம கையிலும் கொஞ்சம் இருக்கணும்.

முகக்கவசம் ஞாபகம் இருக்கா? 2020 மார்ச்சில் கடைகளில் கண்டபடி விலை ஏறியது. மூன்றடுக்கு முகக்கவசம் பத்து ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசே உத்தரவு போட வேண்டி வந்தது. அந்த நேரத்தில் நாட்டில் 27 மாநிலங்களில் சுமார் 20,000 மகளிர் குழுக்கள், ஏப்ரல் மாதத்துக்குள் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல் முகக்கவசம் தைத்துக் கொடுத்தார்கள் என்று உலக வங்கி எழுதியிருக்கிறது. ஊருக்கும் உதவி, தைத்தவங்களுக்கும் கூலி. இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

சரி, நாம என்ன செய்யலாம்? ஆறு விஷயம் சொல்றேன். ஊக்குநர்கள் எழுதிக்கோங்க.

1. விலை ஏற்றக் கூடாது. கொள்முதல் விலை ஏறினால் அந்த அளவுக்கு மட்டும் ஏற்றலாம், பில்லைக் காட்டலாம். ஆபத்தில் இரட்டை விலை விற்ற கடையை ஊர் மறக்காது. கொடுத்த கடையையும் மறக்காது.

2. கடனுக்கு ஒரு அளவு வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, சோப்பு, குழந்தைக்குப் பால் இவற்றுக்குக் கடன் கொடுக்கலாம். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று குழுவில் பேசி முடிவு செய்யுங்க. நோட்டில் எழுதி, வாங்கினவங்க கையெழுத்தும் வாங்குங்க. கடன் கேட்டு வர்றவங்களை நாலு பேர் முன்னாடி வெச்சுப் பேசாதீங்க.

3. நம்மகிட்ட வேலை செய்றவங்களை முதல்ல பாருங்க. தையலுக்கு ஒரு பெண் வர்றாங்க, பால் எடுத்துப் போக ஒரு பையன் வர்றான். வேலை நின்றாலும் பாதிக் கூலியாவது கொடுக்க முடியுமா என்று பாருங்க. முடியலை என்றால் பொருளாகக் கொடுங்க.

4. நம்ம கடையிலிருந்து நோய் பரவக் கூடாது. ஆறடி இடைவெளிக்குக் கோடு, வாசலில் தண்ணியும் சோப்பும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கடையை வேறு உறுப்பினரிடம் கொடுத்துட்டு ஒதுங்கி இருங்க. இதுவும் ஊருக்குச் செய்ற உதவிதான்.

5. பட்டியல் தயாராக இருக்கட்டும். தனியாக இருக்கும் வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தினம் மாத்திரை சாப்பிடறவங்க. எந்த வீட்டுக்கு எந்த உறுப்பினர் பொறுப்பு என்று இப்பவே எழுதி வையுங்க. நோய் வந்த பிறகு தேடிக்கிட்டு இருக்கக் கூடாது.

6. ஆபத்துக்கால நிதி. ஒரு உறுப்பினர் மாதம் 10 ரூபாய். ஒரு குழுவில் 12 பேர் என்றால் வருஷத்துக்கு 1,440 ரூபாய். கூட்டமைப்பில் 20 குழுக்கள் சேர்ந்தால் 28,800 ரூபாய். மூன்று கடைகளுக்குச் சரக்கு போட இது போதும். இந்தப் பணத்தைச் சாதாரணக் கடனுக்குத் தொடக் கூடாது. தனிக் கணக்கில் இருக்கணும்.

தவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இல் ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளி வைக்கலாம் என்று அறிவித்தது. முதலில் மே வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை. பல பேர் தள்ளுபடி என்று நினைச்சுட்டாங்க. தள்ளி வைத்த காலத்துக்கும் வட்டி ஓடியது. இப்படி ஒரு அறிவிப்பு திரும்ப வந்தால், வங்கியில் போய் "வட்டி உண்டா, எவ்வளவு கூடும்?" என்று கேட்டு எழுதி வாங்கிட்டு முடிவு செய்யுங்க. கட்ட முடிஞ்சவங்க கட்டுவதே நல்லது. கட்ட முடியாதவங்களைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்காதீங்க.

கடைசியாக ஒன்று. போன மாதம் அந்த அக்கா கடைக்குப் போனேன். நாலாயிரம் நஷ்டத்தைப் பற்றிக் கேட்டேன். "குழு பாதி கொடுத்துச்சு, மீதியை நான் மறந்துட்டேன்" என்று சிரிச்சாங்க. பழைய கடன் நோட்டு மட்டும் இன்னும் பரணில் இருக்கு. நல்ல மனசு அவங்களுக்கு. ஆனால் அடுத்த முறை அந்த இரண்டாயிரம்கூட அவங்க தலையில் விழக் கூடாது.

அதனால இந்தக் கூட்டம் முடியறதுக்குள்ள ஆபத்துக்கால நிதிக்கு ஒரு தீர்மானம் எழுதுங்க. பத்து ரூபாய் அதிகம் என்று நினைத்தால் ஐந்து ரூபாயில் தொடங்குங்க. எதிர்த்துக் கேள்வி கேட்கிறவங்க இருந்தால் கேட்கட்டும். பதிலையும் சேர்த்து நோட்டில் எழுதுங்க. அதுதான் குழு.

சேர்ந்து சேமித்தோம். ஆபத்திலும் சேர்ந்தே நிற்போம்.